கேள்வி நேரம் இல்லாத மேடைகள்: யாழ்ப்பாணத்தின் பொது உரைகளுக்கு என்ன நடந்தது?

யாழ்ப்பாணத்தில் பேச்சுக்குப் பஞ்சம் இல்லை. நினைவுப் பேருரை, நூல் வெளியீடு, ஆய்வரங்கு, பட்டிமன்றம், கோயில் மண்டபத்தில் தொடர் சொற்பொழிவு என்று ஒரே வார இறுதியில் நான்கைந்து நிகழ்வுகள் நடப்பது இங்கு வழமை. இடங்களுக்கும் குறைவில்லை. திருநெல்வேலியில் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு இருக்கிறது. நகரத்தில் வீரசிங்கம் மண்டபமும் பொது நூலகமும் இருக்கின்றன. நூலகத்துக்குப் பக்கத்திலேயே இந்திய அரசின் நிதியில் கட்டப்பட்ட கலாசார மையம் 2023 பெப்ரவரியில் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அதன் அரங்கில் மட்டும் ஏறத்தாழ 600 பேர் அமரலாம்.

சுயாதீன ஊடகவியலாளராக இந்த நிகழ்வுகளுக்குப் பத்து வருடங்களாகப் போய்வருகிறேன். செய்தி எழுதுவதற்காகப் போனவை பாதி, கேட்பதற்காகப் போனவை பாதி. இந்தக் காலத்தில் நான் கவனித்த ஒரு மாற்றத்தைப் பற்றியே இந்தக் கட்டுரை பேசுகிறது. மேடைகள் கூடியிருக்கின்றன. ஆனால், உரை முடிந்த பிறகு கேட்பவர் எழுந்து நின்று ஒரு கேள்வியைக் கேட்பதற்கான நேரம் ஏறத்தாழ இல்லாமல் போயிருக்கிறது. இதை ஏற்பாட்டாளர்களின் நேர முகாமைத்துவக் குறைபாடு என்று சொல்லிக் கடந்துபோகலாம். அப்படிக் கடந்துபோக முடியாது என்பதே எனது வாதம்.

ஒரு உதாரணம். சில மாதங்களுக்கு முன் ஒரு நினைவுப் பேருரைக்குச் சென்றிருந்தேன். வட மாகாணத்தின் கல்வி பற்றியது. அழைப்பிதழில் மூன்று மணி என்று இருந்தது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு ஆசியுரைகள், மூன்று வாழ்த்துரைகள், பேருரையாளர் பற்றிய அறிமுகவுரை எல்லாம் முடிந்து, பேச அழைக்கப்பட்டவர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தபோது ஐந்து மணி கடந்திருந்தது. அவர் பேசத் தொடங்கி அரை மணித்தியாலத்தில் நேரம் முடிகிறது என்று ஒரு துண்டுக் காகிதம் கொடுக்கப்பட்டது. பிறகு பொன்னாடை, நினைவுச் சின்னம், நன்றியுரை. “நேரமின்மை காரணமாகக் கேள்விகளைத் தவிர்க்கிறோம், விரும்பியவர்கள் தேநீரின்போது பேராசிரியரைச் சந்திக்கலாம்” என்ற அறிவித்தலுடன் கூட்டம் கலைந்தது.

உண்மையான கேள்வி நேரம் வெளியே, மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தியிருந்த இடத்தில்தான் நடந்தது. “பரீட்சைப் பெறுபேற்றைப் பற்றி இவ்வளவு கதைச்சவர், பள்ளிக்கூடத்துக்கு வராமல் வேலைக்குப் போற பிள்ளையளைப் பற்றி ஒரு சொல் சொல்லேல்லையே தம்பி” என்று ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சொன்னார். நல்ல கேள்வி. பேருரையின் அடிப்படையையே அசைக்கக்கூடிய கேள்வி. பக்கத்தில் நின்ற பல்கலைக்கழக மாணவர் ஒருவரிடம், நேரம் தந்திருந்தால் நீங்கள் ஏதும் கேட்டிருப்பீர்களா என்று கேட்டேன். “கேட்டிருக்க மாட்டன் அண்ணை. பின்னுக்கு ஆர் ஆர் இருக்கினம் எண்டு தெரியாது” என்றார்.

இந்த இரண்டு பதில்களுக்கும் இடையில்தான் பிரச்சினை இருக்கிறது. ஒருவரிடம் கேள்வி இருந்தது, கேட்க இடம் இருக்கவில்லை. மற்றவருக்கு இடம் கிடைத்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டார்.

பிரசங்கமும் மாநாடும்

யாழ்ப்பாணத்தின் பொது உரைக்கு ஒரு தொடக்கத் தேதி சொல்லலாம். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. அன்றுதான் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தனது முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாருடன் பணியாற்றியவர் அவர். மிஷனரிமார் கையாண்ட பிரசங்க வடிவத்தையே எடுத்து அவர்களுக்கு எதிராகச் சைவத்துக்காகப் பயன்படுத்தினார். உயரத்தில் ஒருவர் நின்று பேச, கீழே பலர் அமர்ந்து கேட்கும் வடிவம் அப்படித்தான் இங்கே வேரூன்றியது.

அந்த வடிவத்துக்கு இரண்டு எல்லைகள் இருந்தன. முதலாவது, பிரசங்கத்தில் கேள்விக்கு இடமில்லை. மறுப்பு இருந்தால் அது கண்டனப் பிரசுரமாக அச்சில் வந்தது. கிறிஸ்தவர்களுக்கும் சைவர்களுக்கும் இடையிலான அந்தக் கண்டனப் போர் 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தின் அச்சகங்களை நீண்டகாலம் இயங்க வைத்தது. இரண்டாவது எல்லை இன்னும் கடுமையானது. கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட சாதியினருக்கு அந்தப் பிரசங்கம் கேட்கும் உரிமையே இருக்கவில்லை. மாவிட்டபுரம் கந்தசாமி கோயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்தது 1968இல். முதல் பிரசங்கம் நடந்து 120 வருடங்களுக்குப் பிறகு. யார் பேசலாம் என்ற கேள்வியை விட யார் கேட்கலாம் என்ற கேள்வி இங்கே பழையது.

வேறொரு மரபும் இருந்தது. 1924இல் மாணவர் காங்கிரஸாகத் தொடங்கி வாலிபர் காங்கிரஸாக மாறிய யாழ்ப்பாண அமைப்பைச் சொல்கிறேன். ஹண்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அதன் முன்னணியில் நின்றார்கள். அதன் அழைப்பில் 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். 1931 மாநாட்டில் கமலாதேவி சட்டோபாத்யாய கலந்துகொண்டார். பேச்சாளர்களின் பெயர்ப் பட்டியலை விட, அந்த மாநாடுகளின் அமைப்பே எனக்கு முக்கியமாகப் படுகிறது. அங்கே உரைக்குப் பிறகு தீர்மானம் முன்மொழியப்பட்டது, விவாதிக்கப்பட்டது, நிறைவேற்றப்பட்டது. கேட்க வந்தவர் முடிவெடுப்பவராகவும் இருந்தார். 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் புறக்கணிக்கும் அழைப்பு அப்படிப் பிறந்ததுதான். அதனால் குடாநாட்டின் நான்கு ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அது சரியான முடிவா பிழையான முடிவா என்று இன்றும் வாதிடுகிறோம். மேடையில் சொல்லப்பட்டது மண்டபத்துக்கு வெளியே விளைவை ஏற்படுத்தியது என்பதில் வாதம் இல்லை. பாடசாலைகளில் சம ஆசனம், சம போசனம் என்ற கோரிக்கையும் இதே காலத்தின் மேடைகளில்தான் வலுப்பெற்றது.

ஆகவே நமக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கேட்டுவிட்டு எழுந்துபோகும் பிரசங்க வழி. மற்றது, கேட்டுவிட்டு வாதிடும் மாநாட்டு வழி. இன்றைய நினைவுப் பேருரைகள் பெயரளவில் புலமைசார்ந்தவை. அமைப்பளவில் அவை முதலாவது வழிக்கே திரும்பியிருக்கின்றன.

சில நிமிட நடைத்தூரத்தில்

பேச்சுக்காக யாழ்ப்பாணம் கொடுத்த விலையை அறிய அதிக தூரம் போக வேண்டியதில்லை. வீரசிங்கம் மண்டபம், முற்றவெளி, பொது நூலகம், புதிய கலாசார மையம் ஆகிய நான்கும் சில நிமிட நடைத்தூரத்தில் இருக்கின்றன.

1974 ஜனவரியில் நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மாநாடு யாழ்ப்பாணத்தில் நடந்தது. ஜனவரி 10ஆம் திகதி இரவு வீரசிங்கம் மண்டபத்துக்கு வெளியே மக்கள் திரண்டு உரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்துக்குள் பொலிஸார் புகுந்தார்கள். கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, சுடப்பட்டது, அறுந்து விழுந்த மின்கம்பி பட்டு மக்கள் இறந்தார்கள். அவர்களின் நினைவுத்தூண்கள் முற்றவெளி ஓரத்தில் இன்றும் நிற்கின்றன. அன்று இறந்தவர்கள் எந்த ஊர்வலத்திலும் போகவில்லை. ஒரு தமிழறிஞரின் பேச்சைக் கேட்க வந்தவர்கள்.

ஏழு வருடங்களுக்குப் பிறகு, 1981 மே 31 இரவு, பொது நூலகம் எரிக்கப்பட்டது. 97,000 வரையான நூல்கள் அழிந்தன என்று சொல்லப்படுகிறது. இந்த இரண்டு சம்பவங்களும் தமிழ் அரசியலில் எத்தனையோ தடவை நினைவுகூரப்பட்டுவிட்டன. கேட்பதையும் வாசிப்பதையும் அரசு தாக்கியது என்று சரியாகவே சொல்கிறோம். அதே அளவுகோலை நாம் நமக்கும் பயன்படுத்துகிறோமா என்பதுதான் கேள்வி.

பல்கலைக்கழகமும் அதன் மேடையும்

1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் ஆரம்பிக்கப்பட்டது. அதன் முதலாவது தலைவர் பேராசிரியர் க. கைலாசபதி. 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாகியது. சேர் பொன். இராமநாதன் உருவாக்கிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த நிலத்தில் அமைந்த இந்தப் பல்கலைக்கழகம், போர் தொடங்கிய பிறகு நகரத்தின் சிந்தனை மையமாக மாறியது. 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகம் இங்கிருந்து புறப்பட்டு ஊர்களுக்குப் போனது. பாடத்துக்கும் பொது வாழ்வுக்கும் இடையில் மதில் இல்லாத காலம் அது என்று மூத்தவர்கள் சொல்வார்கள்.

1988இல் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பின் யாழ்ப்பாணக் கிளை உருவானது. அரசின் குற்றங்கள், இந்தியப் படையின் குற்றங்கள், இயக்கங்களின் குற்றங்கள் எல்லாவற்றையும் ஒரே கையால் பதிவு செய்தார்கள். அவர்களில் ஒருவர் உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜனி திராணகம. ‘முறிந்த பனை’யின் ஆசிரியர்களில் ஒருவரும்கூட. 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி பல்கலைக்கழகத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார். விடுதலைப் புலிகளே இதற்குப் பொறுப்பு என்று அவருடைய குடும்பத்தினரும் சகாக்களும் தொடர்ந்து கூறிவருகிறார்கள். 1991 ஓகஸ்டில் நாடகமும் அரங்கியலும் பயின்ற மாணவி, கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளால் கொண்டுசெல்லப்பட்டார். அவர் திரும்பவில்லை.

நான் பிறந்த காலத்தை ஒட்டி நடந்த சம்பவங்கள் இவை. எனது தலைமுறை இவற்றைப் பாடசாலையில் கற்கவில்லை. பல்கலைக்கழகத்திலும் பெரும்பாலும் கற்கவில்லை. 1974ஐயும் 1981ஐயும் சத்தமாகச் சொல்லவும் 1989ஐயும் 1991ஐயும் தாழ்ந்த குரலில் சொல்லவும் பழகிய தலைமுறை நாங்கள். கேள்வி கேட்பதற்கு முன் பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பயம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்ததில்லை.

இரண்டு பயங்கள்

போர் முடிந்த பின்னும் முதலாவது பயம் குறையவில்லை. அரசின் கண்காணிப்பு பற்றிய பயம் அது. வடக்கு கிழக்கில் சிவில் அமைப்புகளின் கூட்டங்களுக்குப் புலனாய்வாளர்கள் வருவதும், யார் ஏற்பாடு செய்தார்கள், யார் வந்தார்கள் என்று விசாரிப்பதும் ஐ.நா. மனித உரிமை அறிக்கைகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கும் விடயம். 2012 நவம்பரில் மாவீரர் நாளில் விளக்கேற்றிய பல்கலைக்கழக மாணவர்கள் தாக்கப்பட்டார்கள், மாணவர் தலைவர்கள் கைதானார்கள். 2019 மே மாதம் மாணவர் ஒன்றியத்தின் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார்கள். ஒன்றிய அறையில் இருந்த படங்கள்தான் காரணம். 2021 ஜனவரி 8 இரவு, வளாகத்துக்குள் இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்த பிறகுதான் மீண்டும் கட்டப்பட்டது. தமிழில் கவிதை எழுதிய அஹ்னாப் ஜஸீம் 2020இல் அதே சட்டத்தின் கீழ் கைதாகி ஒன்றரை வருடத்துக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டார். பின்னர் 2023இல் விடுவிக்கப்பட்டார். ஒரு கவிதைத் தொகுப்புக்கே இந்த நிலை என்றால், மண்டபத்தில் எழுந்து பெயரைச் சொல்லிக் கேள்வி கேட்பவர் இரண்டு தடவை யோசிப்பதில் என்ன ஆச்சரியம்?

இரண்டாவது பயம் நமக்குள்ளிருந்து வருவது. 2018 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச திரைப்பட விழாவில் திரையிடப்படவிருந்த ஜூட் ரட்ணத்தின் ‘டீமன்ஸ் இன் பரடைஸ்’ ஆவணப்படம், எதிர்ப்பின் காரணமாக நிறுத்தப்பட்டது. இயக்கங்களுக்கு இடையிலான வன்முறையைப் பேசும் படம் அது. படம் பிழையானது, ஒருபக்கச் சார்பானது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். இருக்கலாம். அதை அவர்கள் வாதிட வேண்டிய இடம், படம் முடிந்து விளக்கு எரிந்த பிறகு அந்த அரங்குதான். அந்த வாய்ப்பு அவர்களுக்கே இல்லாமல் போனது.

2023 ஒக்டோபர் இறுதியில் இதுவே பல்கலைக்கழகத்துக்குள் நடந்தது. சட்டத்தரணி சுவஸ்திகா அருலிங்கம் நீதித்துறையின் சுதந்திரம் பற்றி அங்கே உரையாற்ற இருந்தார். விடுதலைப் புலிகள் குறித்து அவர் முன்னர் வெளியிட்ட கருத்தைக் காரணம் காட்டி மாணவர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. உரை நடைபெறவில்லை. இதை அந்தக் காலச் சூழலோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்னர்தான், குருந்தூர்மலை வழக்கை விசாரித்த முல்லைத்தீவு நீதிபதி உயிர் அச்சுறுத்தல் இருப்பதாகக் கூறிப் பதவியை விட்டு நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார். வடக்கு முழுவதும் அதற்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன. நீதித்துறைக்கு என்ன நடக்கிறது என்று தமிழர்கள் அதிகமாகக் கேட்க வேண்டியிருந்த அந்த வாரங்களில், அதைப் பற்றிய ஒரு உரையைத்தான் நாம் நடக்க விடவில்லை.

அந்த மாணவர்களின் கோபத்தை நான் சிறுமைப்படுத்தவில்லை. தூபி இடிக்கப்பட்ட இரவில் வாசலில் நின்றவர்கள் மாணவர்கள். ஒன்றியத் தலைவர்கள் சிறைக்குப் போனதைப் பார்த்தவர்கள். தங்கள் உறவினரின் சாவை நினைவுகூரும் உரிமைக்காக ஒவ்வொரு வருடமும் போராட வேண்டியிருப்பவர்களுக்கு, அந்த நினைவின் மீது வைக்கப்படும் விமர்சனம் இன்னொரு தாக்குதலாகவே தெரியும். ஆனால், அந்த உரை நடந்திருந்தால் அவர்கள் எழுந்து, “நீங்கள் அப்படிச் சொன்னதற்கு ஆதாரம் என்ன?” என்று கேட்டிருக்கலாம். அவர் பதில் சொல்லியாக வேண்டியிருந்திருக்கும். பதில் போதாது என்றால் அது எல்லோர் முன்னிலையிலும் தெரிந்திருக்கும். உரையை நிறுத்தியதால் தங்கள் கையிலிருந்த வலுவான கருவியை அவர்களே கீழே வைத்துவிட்டார்கள்.

அத்துடன் ஒரு முன்னுதாரணமும் உருவாகிறது. எதிர்ப்பு வந்தால் உரையை நிறுத்தலாம் என்று பழகிய நிர்வாகம், நாளை மாணவர்கள் அழைக்கும் பேச்சாளருக்கும் அதையே செய்யும். அப்போது எதிர்ப்பு கொழும்பிலிருந்தோ ஒரு முகாமிலிருந்தோ வரும். காரணம் மட்டும் மாறும், கதவு ஒன்றுதான்.

சடங்கு ஏன் நீள்கிறது

இந்தப் பின்னணியில் பார்த்தால், விளக்கேற்றலும் வாழ்த்துரைகளும் ஏன் நீண்டுகொண்டே போகின்றன என்பது விளங்கும். யாரையும் புண்படுத்தாத, யாருக்கும் ஆபத்தில்லாத பகுதி அதுதான். மதத் தலைவர், அதிபர், அதிகாரி, வெளிநாட்டிலிருந்து வந்த நன்கொடையாளர் எல்லோருக்கும் மேடையில் ஒரு கதிரை கிடைக்கிறது. படம் பேஸ்புக்கில் வருகிறது. பின்வரிசையில் குறிப்பெடுப்பவருக்கும் எழுத ஒன்றும் இல்லை. கேள்வி நேரம் மட்டும்தான் ஏற்பாட்டாளரின் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதி. யார் எழும்புவார், என்ன கேட்பார் என்று முன்கூட்டியே தெரியாது. ஆகவே அதுதான் முதலில் வெட்டப்படுகிறது. யாரும் உத்தரவிடாமலே தணிக்கை நடக்கிறது.

அச்சுப் பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. நமது நினைவுப் பேருரைகள் பெரும்பாலும் முன்கூட்டியே சிறுநூலாக அச்சிடப்பட்டு வாசலிலேயே கொடுக்கப்படுகின்றன. அவற்றில் பலவற்றை நூலகம் நிறுவனம் இணையத்தில் பாதுகாத்து வைத்திருக்கிறது. ஆய்வாளர்களுக்கு அது பெரிய செல்வம். ஆனால், உரைக்கு முன்பே அச்சான புத்தகத்தில் உரைக்குப் பின் எழுந்த கேள்வி இருக்க முடியாது. ஐம்பது வருடங்களுக்குப் பின் இவற்றை வாசிப்பவர், யாழ்ப்பாணத்தில் எவரும் எதையும் மறுத்துப் பேசியதில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார்.

ஒலிவாங்கி யாரிடம் போகிறது

கேள்வி நேரம் கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கப்படும் சில கூட்டங்களில் என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். முன்வரிசையில் இருக்கும் மூன்று மூத்த ஆண்கள் எழுந்து, கேள்வி என்று சொல்லிப் பத்து நிமிட உரைகளை ஆற்றுவார்கள். ஒலிவாங்கி நடுவரிசையைத் தாண்டாது. பெண்கள் மண்டபத்தில் பாதியாக இருக்கும் கூட்டங்களில்கூடக் கேள்வி கேட்பவர்களில் ஒரு பெண் இருப்பது அரிது. மாலை ஆறு மணிக்கு மேல் ஊர்ப்பக்கம் பஸ் குறைந்துவிடும் என்பதால், கிளிநொச்சியிலிருந்தோ வடமராட்சியிலிருந்தோ வந்த மாணவிகள் உரையின் நடுவிலேயே எழும்ப வேண்டியிருக்கும். விளக்கேற்றலுக்குச் செலவான ஒன்றரை மணித்தியாலம் உண்மையில் அவர்களிடமிருந்து எடுக்கப்பட்டது.

இன்னும் சிலர் மண்டபத்துக்கே வருவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் திரும்பி வந்தவர்கள் நகரத்தில் வாழ்கிறார்கள். யாழ்ப்பாணப் பண்பாடு பற்றிய உரைகளில் அவர்களின் குரலை நான் மிக அரிதாகவே கேட்டிருக்கிறேன். வன்னியில் குடியேறிய மலையகத் தமிழர்களின் நிலமும் கல்வியும் பற்றிப் பேச அவர்களிலிருந்து ஒருவரை அழைத்த மேடைகளும் குறைவு. சாதி பற்றிப் பேசுவதற்கு நமது மேடைகள் இன்னும் தயங்குகின்றன. 1920களில் சம ஆசனம் கேட்ட நகரத்தில், மேடையின் கதிரைகளை யார் நிரப்புகிறார்கள் என்று இன்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

கலாசார மையத்தின் பெயரும் இதே கதைதான். 2025 ஜனவரியில் அது திருவள்ளுவர் கலாசார மையம் என்று பெயரிடப்பட்டது. யாழ்ப்பாணம் என்ற சொல் எங்கே என்று கேள்வி எழுந்த பிறகு, அந்தச் சொல்லும் பெயரில் சேர்க்கப்பட்டது. வள்ளுவரை மறுத்து யாரும் பேசவில்லை. எங்கள் நகரத்தின் மண்டபத்துக்குப் பெயர் வைக்கும்போது எங்களிடம் ஏன் கேட்கவில்லை என்பதுதான் பிரச்சினையாக இருந்தது. கேள்வி கேட்டபோது ஒரு மாற்றம் நடந்தது. சிறிய மாற்றம்தான், ஆனால் நடந்தது.

செய்யக்கூடியவை

பெரிய சீர்திருத்தங்களை நான் கேட்கவில்லை. பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கப்பட வேண்டும், கூட்டங்கள் மீதான கண்காணிப்பு நிறுத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கைகள் தொடர வேண்டும். அவை கொழும்பில் தீர்மானிக்கப்படுபவை. நம் கையில் இருப்பவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முதலாவது, உரைக்கு ஒதுக்கும் நேரத்துக்குச் சமமான நேரத்தைக் கேள்விக்கு ஒதுக்கி, அதை அழைப்பிதழிலேயே அச்சிடலாம். அச்சிட்டுவிட்டால் நேரமின்மை என்று சொல்லித் தப்ப முடியாது. வாழ்த்துரைகளை எழுத்தில் வாங்கி நினைவு மலரில் போடலாம்.

இரண்டாவது, எழுந்து பேசத் தயங்குபவர்களுக்காகத் துண்டுக் காகிதங்களை வாசலிலேயே கொடுக்கலாம். பெயர் எழுதத் தேவையில்லை. தலைமை தாங்குபவர் அவற்றை வாசிக்க வேண்டும், முதலில் அவற்றையே வாசிக்க வேண்டும். பின்வரிசையில் இருப்பவரைப் பற்றிய பயத்துக்கு இது முழுமையான மருந்து ஆகாது. ஆனால் அந்த மாணவரின் கேள்வி மோட்டார் சைக்கிளடியில் நின்றுவிடாமல் மண்டபத்துக்குள் வரும்.

மூன்றாவது, பேருரை நூலை நிகழ்வுக்கு முன் அச்சிடாமல் ஒரு மாதம் கழித்து, கேட்கப்பட்ட கேள்விகளையும் பதில்களையும் சேர்த்து அச்சிடலாம். மறுத்துப் பேசியவர் சம்மதித்தால் அவருடைய மறுப்பும் அதில் இருக்க வேண்டும்.

நான்காவது, ஒரு உரையை எதிர்ப்பவர்கள் வாசலில் பதாகையுடன் நிற்கட்டும். அது அவர்களின் உரிமை. நின்றுவிட்டு உள்ளே வந்து முதலாவது கேள்வியைக் கேட்கட்டும். பல்கலைக்கழக நிர்வாகம் ஒரு உரைக்கு மண்டபத்தை மறுத்தால், யார் கேட்டு, எந்தக் காரணத்துக்காக மறுத்தது என்பதை எழுத்தில் வெளியிட வேண்டும். தொலைபேசியில் சொல்லப்படும் காரணங்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை.

இவற்றுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. சமூகம் காயப்பட்டிருக்கிறது, இப்போது நம்மை நாமே கேள்வி கேட்டால் எதிரிக்குத்தான் வாய்ப்பு என்பார்கள். இந்த வாதத்தை 1989இலும் சொன்னார்கள். அன்று முதல் இன்று வரை கேள்விகளைத் தள்ளிப்போட்டதால் நமது காயம் ஆறியதாகத் தெரியவில்லை. சர்வதேசத்திடம் நாம் உண்மையையும் விசாரணையையும் கேட்கிறோம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வருடக்கணக்காக வீதியில் அமர்ந்திருப்பது ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கேட்டுத்தான். அவர்களுடைய பிள்ளைகளின் பெயரால் பேசும் மேடைகள் கேள்விக்கு அஞ்சினால், அந்தத் தாய்மாரின் கோரிக்கையைத்தான் பலவீனப்படுத்துகிறோம்.

கேள்வி நேரத்தை ஒரு மரியாதைக் குறைவாகப் பார்க்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. பேராசிரியரை எப்படிக் கேட்பது, ஐயாவை எப்படி மறுப்பது என்ற தயக்கம். நாற்பது பக்கம் எழுதிக்கொண்டு வந்தவருக்கு அதைக் கவனமாகக் கேட்டவர் கொடுக்கக்கூடிய மரியாதை ஒரு நல்ல கேள்விதான். பொன்னாடையைக் கடையில் வாங்கலாம்.

வரும் மாதங்களிலும் பல நினைவுப் பேருரைகள் நடக்கவிருக்கின்றன. அவற்றின் அழைப்பிதழ்கள் இப்போது எங்கோ ஒரு அச்சகத்தில் தயாராகிக்கொண்டிருக்கும். நன்றியுரைக்கு மேலே “கேள்வி நேரம்: 45 நிமிடம்” என்று ஒரு வரியைச் சேர்ப்பதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.